கூட யாரு?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வந்த வேகத்தில் யார் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வலது காலில் ஒன்று, இடது காலில் வேறு ஒன்று. பின்னாலேயே ஓடிவந்த என் மனைவி ஐஸ் கம்பெனி திருப்பத்தில் என்னை நிறுத்திக் காலைக் காட்டினாள்.

"இன்னா கோவமோ இருக்கட்டும், அடுத்தவங்க செருப்ப எதுக்கு இழுத்துகினு வர?" என்றாள்.

திரும்பிப் போய் வைத்துவிட்டு வரலாம் என்றாள். நான் போகவில்லை. இரண்டையும் கழற்றி வேலியோரம் வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். பழவேற்காடு ஏரிக்கரை மணலில் பகல் பதினொரு மணிக்கு வெறுங்காலோடு நடப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். நடந்தேன்.

உள்ளே நடந்தது இதுதான். என் தம்பியை முன்னால் அழைத்து நிறுத்தினார்கள். அவன் செய்த துரோகத்தை அவன் வாயாலேயே சொன்னான். பாஸ்டர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்து, ஆண்டவர் இவனைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார் என்று அறிவித்தார். சபையே அழுதது. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மைக்கில் கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தவனுக்கு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சரி, அவன் துரோகம் செய்தது யாருக்கு? எனக்கு. நான் மூன்றாவது வரிசையில் குத்துக்கல் போல உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை.

அதற்கு முன்னால் பிரசங்கம் வேறு. சேவல் கூவுவதற்குள் ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று சாதித்தானே, அந்த மீன்பிடிக்காரச் சீஷன், அவனைப் பற்றி. எங்கள் ஊரில் அந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. ஏரிக்கரை, விடியற்காலை, வலை, கரி நெருப்பில் மீன் என்று எல்லாம் எங்களுடைய சமாச்சாரமாகவே இருக்கும். பாஸ்டர் அந்தச் சீஷன் மூன்று முறை மறுதலித்தான், ஆண்டவரும் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டுச் சேர்த்துக்கொண்டார் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். என் தம்பி என்னை ஒரே ஒரு முறைதான் மறுதலித்தான். எனக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் ஏறியதற்குக் காரணம் சொல்கிறேன். அந்தச் சீஷன் மறுதலித்தது ஆண்டவரை. அவனை மன்னித்ததும் அதே ஆண்டவர்தான். அவன் மறுதலித்த அன்று முற்றத்தில் அவனோடு குளிர் காய்ந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து, பரவாயில்லப்பா, உன்ன மன்னிச்சாச்சு, வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. இங்கே மறுதலிக்கப்பட்டவன் நான் ஒருவன், மன்னிக்கிறவர்கள் ஊரில் மற்ற எல்லோரும். நல்ல நியாயம்.

போன வருஷத்துக்கு முந்தைய கோடையில் நடந்தது அது. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, எங்கள் பக்கம் இறால் என்று பேருக்குக்கூட இல்லை. வடக்கே தெலுங்குக்காரர்கள் பக்கம் வலையில் நன்றாகப் படுகிறது என்று பேச்சு. தண்ணீரில் கோடு போட முடியாதுதான். ஆனால் எந்தக் கம்புக்கு அப்பால் நமக்கு உரிமை இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். போகலாம் என்றது நான். தம்பி வேண்டாம் என்றான்.

"மாட்னா போட்ட புடுங்கிக்குவானுங்கண்ணா" என்றான்.

பயந்தாங்கொள்ளி என்று திட்டி நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மதியம் இருக்கும். நான் போட்டில் இருந்தேன். அவன் நூறு அடி தள்ளி ஒரு மணல் திட்டில் நின்று வலைக்கயிற்றின் மறுமுனையைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தான். மூன்று போட்டுகளில் வந்து வளைத்துக்கொண்டார்கள். அவன் கயிற்றைக் கீழே போட்டான். வந்தவர்களில் வயதான ஒருவர் என்னைக் கைகாட்டி, இவன் உன் ஆளா என்று அவனிடம் தெலுங்கில் கேட்டார். எங்கள் அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம். அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தெலுங்கு எங்களுக்கு வேற்று மொழி இல்லை.

"நாக்குத் தெலியது" என்றான். எனக்குத் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தான் பக்கத்து ஊருக்கு மருமகன் என்றும், நண்டு பிடிக்க வந்ததாகவும் சரளமாக அளந்துவிட்டான். முப்பத்தைந்து வயதாகியும் பெண் கொடுக்க ஆள் வராதவன், அந்த ஒரு நிமிஷத்தில் மருமகனாகிவிட்டான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். அவனை விட்டுவிட்டு என்னையும் போட்டையும் வலையையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் அறை விழுந்தது. பிறகு ஊர்க் கூடத்தில் உட்காரவைத்து மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். அவர்கள் ஆள் எங்களிடம் மாட்டினாலும் இதேதான் நடக்கும். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி மூன்றாம் நாள் என்னை விட்டார்கள், போட்டு ஒரு மாதம் கழித்து வந்தது. அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அன்று மாலை ஏரியில் காற்று கிளம்பியது. நாங்கள் இருவரும் மூழ்கிவிட்டோம் என்று நினைத்து என் மனைவி கரையில் நின்றாள். இவன் காட்டூரில் ஒரு கூட்டாளி வீட்டில் போய் ஒளிந்துகொண்டிருந்தான். கையில் போன் இருந்தது. மறுநாள் மதியம் தெலுங்குக்காரர்கள் போன் செய்து சொன்ன பிறகுதான் நான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த ஒரு நாளை அவன் எங்கிருந்து கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பான்?

அதற்குப் பிறகு அவன் ஏரியில் இறங்கவில்லை. என் எதிரில் வருவதில்லை. குடி பிடித்துக்கொண்டது. சபையில் டோலக் வாசித்தவன், அந்த டோலக் உறை போட்டபடி அலமாரி மேல் கிடந்தது. மீஞ்சூரில் லோடு இறக்கும் வேலைக்குப் போகிறான் என்றார்கள், ரயில் நிலையத்திலேயே படுத்துக் கிடக்கிறான் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நன்றாக வேண்டும் என்றே இருந்தேன். பாஸ்டர்தான் விடாமல் அவன் பின்னால் அலைந்து, குடியை நிறுத்தவைத்து, கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் எவன் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஊரில் பாதி அம்மன் கோயில்காரர்கள், பாதி சபைக்காரர்கள். சீட்டு எடுக்கும் முன் கற்பூரமும் ஏற்றுவோம், ஜெபமும் செய்வோம். பாடு முறையில் பங்கு உள்ளவனுக்குத்தான் ஏரி. தொடர்ந்து இரண்டு சீட்டுக்கு வராதவனின் பங்கு நின்றுவிடும். மூன்றாவதிலும் வராவிட்டால் பேரையே அடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் கிடையாது. நின்றுபோன பங்கை எழுப்ப ஒரே வழிதான் உண்டு. பங்கு நடப்பில் உள்ள ரத்த உறவுக்காரன் ஒருவன் ஊர் நடுவே எழுந்து, இவன் என் கூட வலை கட்டுகிறான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். என் தம்பிக்கு இரண்டு சீட்டு போய்விட்டது. மூன்றாவது சீட்டு எட்டு நாளில் இருந்தது. எங்கள் அப்பாவும் இல்லை, வேறு அண்ணன் தம்பியும் இல்லை. சபை அவனைத் திருவிருந்தில் சேர்த்துவிட்டது. ஏரியில் சேர்க்க என் ஒருவனால்தான் முடியும்.

ஆராதனைக்கு மறுநாள் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இளையவர், தெற்குப் பக்கத்துக்காரர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது.

"அண்ணே, உங்க செருப்பு" என்று எடுத்து வைத்தார். நான் வேலியோரம் வீசிய இரண்டில் இடது கால் செருப்பு அவருடையதாம். வரும் வழியில் அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மன்னிக்கிற வேலையெல்லாம் நீங்களே பண்ணி முடிச்சிட்டீங்க. எனுக்கு இன்னா வேலை பாக்கி வெச்சீங்க?" என்றேன்.

"முதல்ல உங்ககிட்டதான் வந்திருக்கணும். வரல. தப்புதாண்ணே."

"ஏன் வரல?"

"நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா, அவன் திரும்பவும் குடிக்கப் போயிருவான்னு பயந்துட்டேன்."

"ஓ, உங்களுக்கும் பயமா? அவனுக்கும் பயம், உங்களுக்கும் பயம். பயம்னு ஒரு வார்த்தைய வெச்சிகினு எல்லாரும் தப்பிச்சிக்குங்க. மாட்டிகினு நிக்கிறதுக்கு நான் ஒருத்தன் கீறேன்."

என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அடுத்த திங்கக்கிழமை பாடு. அவனைக் கூப்பிடுவீங்களா?"

"இத்த கேக்கத்தான் செருப்ப தூக்கினு வந்தீங்களா?"

"ஆமாண்ணே" என்றார் ஒளிக்காமல்.

"கூப்ட மாட்டேன்."

எழுந்து போகும்போது வாசலில் நின்று, "முன்னால நின்னு அவன் எல்லாத்தையும் சொன்னான். உங்களப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை குறையா சொல்லலண்ணே" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அந்த டீ டம்ளரைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது.

"எங்கிட்ட மன்னிப்பு கேட்டான்" என்றாள் என் மனைவி, அவர் தலை மறைந்ததும். முந்தின வாரமே வந்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, கரையில் நிற்கவைத்த அந்த ஒரு நாளுக்காக மன்னிப்புக் கேட்டானாம். "நல்லா கேட்டுவுட்டேன், வாயில வந்ததெல்லாம். அழுதான். அப்பறம் சோறு போட்டேன்" என்றாள். அவளிடம் கேட்டிருக்கிறான். ஊரிடம் கேட்டிருக்கிறான். என்னிடம் மட்டும் வரவில்லை.

இதுவரை படித்தவர்களுக்கு நான் பாதிக்கப்பட்டவனாகத் தெரிவேன். எனக்கும் அப்படித் தெரிவதற்குத்தான் பிடிக்கும். ஆனால் பாஸ்டருக்கும் என் மனைவிக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும், என் தம்பிக்குத் தெரியும்.

சபையில் அவன் முன்னால் நிற்பதற்கு ஏழெட்டு மாதம் முன்பு, என் மகனுக்கு வேலை கேட்டு மீஞ்சூரில் ஒரு கான்ட்ராக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தேன். கான்ட்ராக்டர் ரயிலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார், பேசிக்கொண்டே நானும் ரயில் நிலையத்துக்கு அவரோடு போனேன். பிளாட்பாரத்தில் சின்னக் கூட்டம். நடுவே என் தம்பி விழுந்து கிடந்தான். சட்டையில் வாந்தி, ஒரு காலில் செருப்பில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"மூஞ்சி உன்ன மாதிரியே கீதே. உன் தம்பியா?" என்றார்.

கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தம்பி கெடையாது" என்றேன்.

"நல்லா பாருய்யா, பழவேற்காடு பக்கம்னு சொன்னான்" என்றார் டீக்கடைக்காரர் மறுபடியும்.

"ஏரியச் சுத்தி எத்தினியோ ஊரு கீது. இவன நான் பாத்ததே இல்ல" என்றேன். சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். குடித்தவன் கண் இல்லை அது, நன்றாகத் தெளிந்து இருந்தது.

அவனாவது மூன்று போட்டு நிறைய ஆள் வந்து வளைத்துக்கொண்டதால் சொன்னான். என்னை எவன் வளைத்தான்? ஒரு வெள்ளைச் சட்டைக்காகச் சொன்னேன். மகனுக்கு அந்த வேலை கிடைக்கவும் இல்லை. கிடைத்திருந்தால் மட்டும் என்ன?

சபையில் அவன் முன்னால் போய் நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது இதனால்தான். இப்போது சொல்லப்போகிறான், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். மணல் திட்டைச் சொன்னான். காட்டூரில் ஒளிந்ததைச் சொன்னான். குடியைச் சொன்னான். மீஞ்சூரில் விழுந்து கிடந்ததைச் சொன்னான். அதில் நான் வரவே இல்லை. அவ்வளவுதான், ஜெபம் செய்யப் போய்விட்டார்கள். சொல்லியிருந்தால்கூடச் சண்டைக்குப் போயிருப்பேன், என் ஆத்திரத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். சொல்லாமல் விட்டானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்பை என்னிடம் கேட்கவில்லை என்று வெளியே வந்தேன் என்பதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வலைக் கொட்டகையில் ஊர் கூடியது. கற்பூரம் ஏற்றினார்கள், பாஸ்டர் ஜெபம் செய்தார். பித்தளைச் சொம்பில் சீட்டு. தலைவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, அவனவன் எழுந்து சீட்டை எடுத்துக் கொடுப்பான். "கூட யாரு?" என்று தலைவர் கேட்பார், வலை கட்டப்போகும் கூட்டாளியைச் சொல்வான், எழுதிக்கொள்வார்கள். என் பேரைக் கூப்பிடும்போது பத்தாவதோ பதினொன்றாவதோ. நான் எடுத்த சீட்டு முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம், முதல் நாள். இந்த ஏரியில் அதைவிட நல்ல சீட்டு கிடையாது. போன வருஷம் முழுக்க என் மாமனார் வீட்டுப் பையனைத்தான் சேர்த்துக்கொண்டு போனேன். அவனும் தயாராக நின்றான்.

"கூட யாரு?" என்றார் தலைவர்.

நான் கொட்டகைக்கு வெளியே பார்த்தேன்.

"ஒரு தரம்" என்றார். ஏலக்காரர் மாதிரி சொல்வது அவர் வழக்கம், எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி கொட்டகைக்குள்ளே வரவில்லை. வெளியே, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு போட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், கெஞ்சுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருந்தால், மாமனார் வீட்டுப் பையன் பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நகத்தால் போட்டின் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறான், மடையன்.

"ரெண்டு தரம்."

பாஸ்டர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் விட்டு எண்ணியது ஞாபகம் வந்தது. எரிச்சலாக இருந்தது. இப்படி எண்ணி எண்ணி ஓர் ஆளை மூலையில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை ஆண்டவருக்கும் எங்கள் ஊர்த் தலைவருக்கும் எங்கிருந்துதான் வந்ததோ.

"இன்னாபா, தூங்கறியா? மூணாந்தரம் கேக்கறேன். கூட யாரு?"

"என் தம்பி" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன், "எந்தத் தம்பி?" என்றான் நக்கலாக. நான் அப்படியே திரும்பினேன்.

"எனுக்கு எத்தினி தம்பிடா கீறான்? ஒருத்தன்தான் கீறான். தோ, அங்க குந்திகினு பெயிண்ட்ட சொரண்டிகினு கீறான் பாரு, அவன்தான்" என்று கத்தினேன். தேவையில்லாத கத்தல். தலைவர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் வடியத் தொடங்கும் நேரத்தில் போட்டை எடுத்தோம். முகத்துவாரம் வரைக்கும் அவன் முன்னால் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டே வந்தான். போட்டை நிறுத்தியதும் அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பை ஊன்றினான். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மீஞ்சூர்ல நான் சொன்னது கேட்டுச்சா உனுக்கு?" என்றேன்.

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏன்டா சபையில சொல்லல? எல்லாத்தையும் சொன்ன இல்ல?"

"நான் பண்ணத நான் சொன்னேன். அது உன்னுதுண்ணா. அத்த நான் எப்பிடி சொல்றது?"

"சரி. ஊர்ல எல்லார்கிட்டயும் போய் மன்னிப்புக் கேட்ட. உங்கண்ணிகிட்ட கேட்ட. எங்கிட்ட ஏன்டா வரல?"

அவன் கம்பை ஆட்டிப் பார்த்தான், உறுதியாக நிற்கிறதா என்று. பிறகு சொன்னான்.

"நீதான் தம்பியே இல்லன்னுட்டியே. உன் வாசல்ல வந்து நான் யாருன்னு சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தில் அவனைத் தண்ணீரில் அமுக்கியிருப்பேன். அவன் மேல் வந்த கோபமில்லை அது என்று அப்போதே தெரிந்தது. எட்டு நாளாக ஊரெல்லாம் குதித்தேன், என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று. நான் யாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமோ அவன் அத்தனை நாளும் என் எதிரில் வராமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தான், நானே அப்படி ஒதுக்கியதால்.

"தப்புதான்டா. நான் சொன்னது தப்பு" என்றேன். திட்டுகிற குரலில்தான் வந்தது, எனக்கு வேறு குரல் தெரியாது.

அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டானா, முகத்தில் பட்ட தண்ணீரைத் துடைத்துக்கொண்டானா, நான் பார்க்கவில்லை. நானும் அந்த நேரம் வேறு பக்கம் திரும்பியிருந்தேன்.

"கயித்த குடுண்ணா, தண்ணி இழுக்குது" என்றான்.

வலைக்கயிற்றின் மறுமுனையை அவனிடம் கொடுத்தேன்.